கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் நாட்டுக் கைவினைகளும்

மன்னர் எழுப்பிய கோட்டைகளும் கோபுரங்களுமே ஒரு நாட்டின் வரலாறு என எண்ணுவோர் பலர். குயவன் வனைந்த பானைக்கும், தச்சன் செதுக்கிய கதவுக்கும், பெண்கள் இழைத்த ஓலைப் பெட்டிக்கும் வரலாறு உண்டு என்பதை இலங்கையருக்கு எடுத்துரைத்தவர்களுள் தலைசிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

கொழும்புச் சைவ மக்களுக்கு அவர் அயலவர் அல்லர். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் 1857 ஆம் ஆண்டு பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அமைத்தவர் பொன்னம்பல முதலியார். 1907 முதல் 1912 வரை அதனைக் கருங்கல்லாற் புதுக்கியவர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதனின் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. அவருக்கும் எலிசபெத் என்னும் ஆங்கில மாதுக்கும் 1877 ஆகஸ்டு 22 இல் கொழும்பிற் பிறந்தவரே ஆனந்தர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த அவர், இங்கிலாந்தில் வளர்ந்து மண்ணியலும் தாவரவியலும் கற்றார்.

1903 இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைவராகி ஊரூராகச் சென்றார். கல்லைத் தேடி நடந்தவரின் கண்ணிற் கலை தென்பட்டது. முற்காலத்திற் கைவினைஞர் அரசனுக்கும் ஆலயத்துக்கும் பணிசெய்து, அதற்கு ஊதியமாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815 இற் கண்டியரசு வீழ்ந்தது. அவர்களை ஆதரித்தோரும் மறைந்தனர். பின்னர் ஆலைத் துணியும் இறக்குமதிச் சாயமும் வந்து, நெசவையும் சாயத் தொழிலையும் நலிவித்தன. இந்நிலை கண்டு வருந்திய ஆனந்தர், பழங்கலைகளைப் பேணுமாறு 1905 இற் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

அவர் பொருள்களை மட்டும் பார்த்தாரல்லர்; அவற்றைச் செய்தோருடன் இருந்து கருவியின் பெயர், வேலை முறை, கோலத்தின் பெயர் எல்லாவற்றையும் குறித்தார். துணைவியார் எதெல் புகைப்படம் எடுத்து உதவினார். லியவெல என்னும் கொடிக்கோலம், தாமரை, அன்னம், அரசிலை என இயற்கையிலிருந்து எழுந்த வடிவங்கள் கதவிலும் பாயிலும் பெட்டியிலும் வருவதை விளக்கினார். கைவினைஞன் வயலிற் பூத்த ஒரு பூவைப் பார்த்துப் பிரதி செய்வதில்லை. பரம்பரை வழியே கற்ற பூவைத் தன் கையால் மலரச் செய்கிறான் என்பது அவர் கண்ட உண்மை. அந்தக் கை ஓய்ந்தால் அந்தப் பூவும் உதிர்ந்துவிடும் அன்றோ?

இவ்வாராய்ச்சியின் பயனே 1908 இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல். வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்திய அச்சுப்பொறியில் 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. சைவக் குடியிற் பிறந்த தமிழ்மகன் ஒருவர் சிங்களக் கைவினைஞரின் புகழை உலகறியச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் அவர் இந்தியாவிற் சுற்றி ஓவியங்களும் கலைப்பொருள்களும் சேர்த்தார். காசியிலே தேசிய நூதனசாலை அமையுமாயின் அத்தொகுப்பை அதற்கே ஈவதற்கு முன்வந்தார். ஆதரவு கிட்டவில்லை. 1917 இல் அத்தொகுப்பின் பெரும்பகுதி அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நூதனசாலையை அடைந்தது. அதன் காப்பாளராகச் சென்ற அவர் 1947 இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். பேணுவார் இல்லாத வீட்டுப் பொருள் பிறர் வீட்டில் வாழ்வது இயல்பே.

நம் நிலை என்ன? மூக்குப்பேணி, திருகை, பிட்டவிக்கும் நீற்றுப்பெட்டி, கொட்டப்பெட்டி, அன்னம் அமர்ந்த குத்துவிளக்கு ஆகியவை நம் பாட்டிமார் புழங்கியவை. 1983 ஆடியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ இல்லங்கள் எரிந்தன. அவற்றோடு பரம்பரைப் பொருள்களும் அழிந்தன. பின்னர் வடக்கு கிழக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்தோர் கையிற் கிடைத்ததை மட்டுமே கொண்டுவந்தனர். எஞ்சியவை சில. அவற்றுட் சில இன்று பெயரும் ஊரும் அறியப்படாமல் வரவேற்பறை அலங்காரமாக நிற்கின்றன.

இளைஞர்களே! பழம்பொருளை விலைகொடுத்து வாங்குவது மட்டும் சேகரிப்பு ஆகாது. வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுத்து மூத்தோரிடம் கேளுங்கள்: இதன் பெயர் யாது? எந்த ஊரில், யார் செய்தது? எதற்குப் பயன்பட்டது? விடைகளை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பனையோலை இழைக்கும் கை இன்றும் உண்டு. அதற்கு வேலை கொடுங்கள். பெரியோர்களே! கேட்பார் வரும்வரை காத்திராது நீங்களே சொல்லித் தாருங்கள்.

கொழும்பு நகரில் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதி ஒன்று உண்டு. அவ்வீதி வழியே நாள்தோறும் செல்கிறோம். அவர் காட்டிய வழியிலும் செல்வோமாக.