தேநீர் போடும் கடிகாரமும் தப்பொலியும்

தூங்குபவரை எழுப்பி, தேநீரையும் தானே தயாரித்து வைக்கும் கடிகாரம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது என்றால் நேயர்கள் நம்புவீர்களா? இதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் வியந்தனர். பின்வரிசையில் இருந்த ஒருவன் மட்டும், "அப்படி ஒன்னு எங்க வீட்டுலயும் இருக்கு சேர். அதுக்கு அம்மான்னு பேரு" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆங்கிலேயர் என்றாலே தேநீர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அது அவர்களுடைய ஆதிப் பழக்கமன்று. 1660ஆம் ஆண்டில்தான் சாமுவேல் பெப்பிஸ் என்பார், தாம் முதன்முறையாக அந்தச் சீனப் பானத்தை அருந்தியதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1662இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னனை மணந்து வந்த போர்த்துக்கேய இளவரசி கத்தரீன், அதை அரண்மனையின் நாகரிகமாக்கினாள். அப்போது அது செல்வரின் பானம். 1784இல் தேயிலை வரி நூற்றுக்கு 119 என்பதிலிருந்து 12.5 ஆகக் குறைக்கப்பட்டதன் பின்னரே அது ஏழைகளின் அடுப்படிக்கும் தாராளமாக வந்தது. 1840ஐ ஒட்டிய காலத்தில் பெட்போர்ட் சீமாட்டி அன்னா பிற்பகல் தேநீர் விருந்தை வழக்கமாக்கினார் என்பர். காலையில் கண்விழிக்கும்போதே பணிப்பெண் தட்டில் தேநீர் கொண்டுவந்து கட்டிலருகே வைப்பது வசதி படைத்த வீடுகளின் முறையாயிற்று.

அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கச் சீனத்துத் தேயிலை மட்டும் போதவில்லை. இங்கே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை மெல்ல மெல்ல அழிக்க, மலைச்சரிவுகள் யாவும் தேயிலைக்கு மாறின. 1873இல் லண்டனுக்குச் சென்ற டெய்லரின் தேயிலை வெறும் 23 இறாத்தல். 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கும்போது அது பெருவணிகமாகிவிட்டது.

இனி அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். பேர்மிங்காமில் துப்பாக்கி செய்யும் தொழிலில் இருந்த பிராங்க் கிளார்க் என்பவர் 1902இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குறித்த நேரம் வந்ததும் கடிகாரத்தின் விசை ஒரு தீக்குச்சியை உரசும், அது சாராய விளக்கைப் பற்றவைக்கும், மேலிருக்கும் கேத்தலில் நீர் கொதிக்கும், எழும் ஆவி ஒரு தகட்டை உயர்த்த, கேத்தல் சரிந்து தேயிலைப் பாத்திரத்தில் நீரை ஊற்றும், உடனே மணியடிக்கும். படுக்கையருகே தீ எரிவது எத்தனை ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1930களில் மின்சாரத்தால் இயங்கும் 'டீஸ்மேட்' என்ற கருவியைக் கொப்ளின் நிறுவனம் சந்தைக்கு விட்டது. அதில் ஆவியின் அழுத்தமே கொதிநீரைக் குழாய் வழியே பாத்திரத்துக்குத் தள்ளியது. 1960களிலும் 70களிலும் அது பல ஆங்கிலேயர் வீடுகளில் கட்டிலருகே இடம்பிடித்தது.

ஏன் இப்படி ஒரு கருவி? முதலாம் உலகப்போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் பணிப்பெண்கள் கிடைப்பது அரிதாயிற்று. பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். தட்டேந்தி வந்த கை இல்லாமற்போன இடத்தை இயந்திரம் நிரப்பியது. நமது மலைநாட்டிலோ துரைமாருக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. பங்களாவில் அப்பு இருந்தார். அவர் போடும் தேநீர் விடியுமுன் துரையின் கட்டிலருகே காத்திருக்கும்.

கிளார்க் காப்புரிமை பெற்று இரண்டு ஆண்டுகளில், அதாவது 1904இல், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக எங்கள் ராகலைக்குக் குறுகிய பாதை ரயில் வந்து சேர்ந்தது. 1940களில் அந்தப் பாதை மூடப்படும்வரை, இந்த மலைகளின் தேயிலைப் பெட்டிகள் அதில் இறங்கிச் சென்றன. அங்கே கடிகாரம் தேநீருடன் ஒருவரை எழுப்பியபோது, இங்கே அந்தத் தேயிலைக்காக ஆயிரமாயிரம் பேரை எழுப்பியது தப்பொலி. பனி விலகுமுன் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பெயர் விழாது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய கவிதை, விடியலைத் திடுக்கிடச் செய்யும் அந்த ஒலியுடன்தான் தொடங்குகிறது.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள் என்றால், அதற்குள் ஒன்பது கிராம் கொழுந்து இருக்கிறது. அதைக் கிள்ளிய விரல்களைக் கோப்பையில் காண முடியாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த விரல்களுக்கு உரியவர்களை நாட்டின் பதிவேட்டிலும் காணாமற்செய்தது. அவர்களில் எஞ்சியோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

இப்போது தப்பொலிக்குப் பதில் கைத்தொலைபேசி எழுப்புகிறது. ஆனால் லயத்துக் காம்பராவில் முதலில் விழிப்பவள் இன்றும் பெண்தான். அடுப்பை மூட்டி, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டுக் கூடையுடன் மலையேறுகிறாள்.

அந்த மாணவனிடம், "சரி தம்பி, அம்மாவுக்கு யார் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். அவனை மடக்கிவிட்ட பெருமையுடன் வீடு திரும்பினேன். வாசலில் என் தாய் அமர்ந்திருந்தாள். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவள். ஓய்வு பெற்ற பின்னும் நான்கு மணிக்கு விழித்துவிடுகிறாள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த பிறகே தான் குடிக்கிறாள். மாணவனிடம் கேட்ட கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. நாளைக்காவது அவளுக்கு முன்னே நான் எழுந்திருக்க வேண்டும்.