பட்டியலில் பெயர் இல்லாதவர்

உசேன் போல்ட் பெரிய ஆளா, பிராட்மன் பெரிய ஆளா என்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை போட்டவர்களுக்குத் தெரியும், இந்தப் பேச்சு விடியாது. 9.58 நொடியையும் 99.94 சராசரியையும் எந்தத் தராசில் வைப்பது? கடைசியில் யாராவது கேட்பார்கள்: "சரிப்பா, எல்லா ஆட்டமும் ஆடின ஒருத்தனைச் சொல்லு பார்ப்போம்."

அப்போது ஜிம் தோர்ப் வருவார்.

இன்றைய ஓக்லஹோமா பகுதியில் பிறந்த சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடிக்காரர். படித்தது பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில். பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியை மறக்கடித்து, அவர்களை 'நாகரிகமாக்க' அமெரிக்க அரசு நடத்திய உறைவிடப் பள்ளி அது. அந்தப் பள்ளியின் மைதானத்திலிருந்துதான் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் போனார். பென்டத்லானில் ஐந்து போட்டிகளில் நான்கில் முதலிடம். டெகத்லானில் 8412 புள்ளிகள். இரண்டாவதாக வந்த ஸ்வீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டர் கிட்டத்தட்ட 700 புள்ளிகள் பின்னால். இரண்டு தங்கம். அந்த நாட்களில் எடுத்த ஒரு புகைப்படத்தில் தோர்ப்பின் ஒரு கால் சாக்ஸுக்கும் மறு கால் சாக்ஸுக்கும் பொருத்தமே இல்லை. ஷூ காணாமல் போய், கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

1913 ஜனவரியில் ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. 1909, 1910-இல் தோர்ப் வட கரோலினாவில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருக்கிறார். ஒலிம்பிக்கோ அன்றைக்கு விளையாட்டில் காசு வாங்காதவர்களுக்கு மட்டும். அதாவது, காசு தேவைப்படாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோதான விதி. கல்லூரிப் பையன்கள் பலர் அப்படி ஆடியவர்கள்தான், ஆனால் பொய்ப் பெயரில். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டிக்கொண்டார். ஆட்சேபணை எதுவானாலும் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்றும் விதி இருந்தது. செய்தி வந்ததோ ஆறு மாதம் கழித்து. விதியைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை.

அதன்பின் அவர் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு பேஸ்பால் ஆடினார். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தும் ஆடினார். இன்றைய என்.எஃப்.எல். ஆக வளர்ந்த அமைப்பு 1920-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

1950-இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் தோர்ப் என்று பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாளில் ஒலிம்பிக் வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயரே கிடையாது! 1999-இல் அதே நிறுவனம் நூற்றாண்டுக்கான பட்டியல் போட்டபோது பேப் ரூத் முதலிடம், மைக்கேல் ஜோர்டன் இரண்டாமிடம், தோர்ப் மூன்றாமிடம். அதே ஆண்டு இ.எஸ்.பி.என். பட்டியலில் ஏழாமிடம். இடையில் தோர்ப் ஒன்றும் மெதுவாக ஓடிவிடவில்லை, அவரைப் பார்த்த கண்கள் குறைந்துவிட்டன. ஜோர்டனுக்கு டிவி இருந்தது.

நாம் 'யார் பெரியவர்' என்று கேட்கும்போது, உண்மையில் யாரைப் பற்றிய பதிவு தப்பிப் பிழைத்திருக்கிறது என்றுதான் கேட்கிறோமோ?

தோர்ப் 1953-இல் வறுமையில் இறந்தார். 1982-இல் ஒலிம்பிக் கமிட்டி பெயரைத் திருப்பிக் கொடுத்தது, அதுவும் பாதியாக: 'இணை வெற்றியாளர்'. ஒரே வெற்றியாளர் என்று அறிவிக்க 2022 ஆனது. அப்போது ஒரு விஷயத்தையும் கமிட்டி சொன்னது. தன் கைக்கு வந்த அந்தத் தங்கத்தை வீஸ்லாண்டர் ஒருநாளும் தன்னுடையதாக ஏற்கவில்லை. வென்றது தோர்ப்தான் என்றே கருதினார்.

கூடவே ஓடியவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.