இறகு இல்லாத பெயர்

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுள் எழுத்துக்கும் ஒலிக்கும் நெடுந்தொலைவு உடையது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் 16 எழுத்துகளால் எழுதப்படும் ‘ஃபெதர்ஸ்டன்ஹா’ என்பதே அது. அதனை ‘ஃபான்ஷா’ என்று சுருக்கி ஒலிக்கும் வழக்கு பெயர்பெற்றது. தஞ்சாவூர் தஞ்சையானதை மரூஉ என்று ஏற்று, மருவியவாறே எழுதுகிறோம் நாம். ஆங்கிலேயரோ நாவால் சுருக்கியதைக் கையால் சுருக்க மனங்கொள்ளவில்லை. மாணாக்கர்க்கு இது தொல்லைதான். எனினும் அப்பிடிவாதத்தாலேயே பெயரின் பிறப்பை இன்றும் காண முடிகிறது.

இங்கிலாந்தின் வடபால் உள்ள நார்தம்பர்லாந்தில், தென் டைன் ஆற்றங்கரையில் அமைந்த ஓர் இடத்தின் பெயரே குடும்பப் பெயராயிற்று. ‘ஃபெதர்’ என்றதும் பறவையின் இறகே நினைவுக்கு வரும். ஆனால், பழைய ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் அவ்வடிவம் நான்கு என்னும் எண்ணைக் குறித்தது. ‘ஸ்டான்’ என்பது கல். மூன்று கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய தொல்பழஞ் சின்னத்தையே ‘நாற்கல்’ என்றனர் என்பது இடப்பெயர் ஆய்வாளர் கருத்து. நம் கல்திட்டையை ஒத்தது எனலாம். ஈற்றிலுள்ள ‘ஹா’, ஆற்றோரத் தாழ்நிலம். ஆக, இப்பெயரில் இறகு எங்குமே இல்லை!

உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற சர் திமோத்தி என்பார் 1651-இல் தலை துணிக்கப்பட்டார். எனினும் இப்பெயரின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது பிற்காலத்துச் செய்தியே.

அக்குலத்துச் சர் மேத்யூ, 1747-இல் தெற்கே சசெக்ஸ் பகுதியில் அப்பார்க் மாளிகையை வாங்கினார். அவர் மகன் சர் ஹாரி, எழுபது வயது கடந்தபின், 1825-இல் தம் பால்பண்ணைப் பணிப்பெண் மேரி ஆன் புல்லக்கை மணந்தார். உயர்குடியினர் முகம் சுளித்த மணம் அது. மகப்பேறின்றி 1846-இல் அவர் மறையவே, மாளிகை மனைவிக்குரியதாயிற்று. 1874-இல் மேரி ஆன் மறைந்தபின் அது தங்கை பிரான்சிஸுக்குச் சேர்ந்தது. குருதியுறவு சிறிதும் இல்லாத அத்தங்கை, ஃபெதர்ஸ்டன்ஹா என்னும் பெயரையும் தமதாக்கிக் கொண்டார். நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸின் அன்னையார் இவரிடமே வீட்டு மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார்.

1895-இல் பிரான்சிஸும் மறைந்தார். அடுத்து மாளிகையை அடைந்தவர் டர்னோர் குடும்பத்தவர். அவரும் தம் பெயரோடு ஃபெதர்ஸ்டன்ஹாவை இணைத்துக்கொண்டார்.