ரேடியோ ஷாக்: பேட்டரியை இலவசமாகக் கொடுத்த கடை

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த நம் குடியிருப்பு மூத்தவர்கள் சிலருக்கு ரேடியோ ஷாக் கடை நினைவிருக்கலாம். ஒரு அடாப்டர் வாங்கினாலும் பில் போடும்போது பெயர், விலாசம் எல்லாம் கேட்பார்கள். கேட்டலாக் அனுப்பத்தான் இந்த விசாரணை. 2002-இல்தான் அதை நிறுத்தினார்கள்.

1921-இல் பாஸ்டன் நகரில் டாய்ச்மன் சகோதரர்கள் தொடங்கிய கடை இது. கப்பலில் வயர்லெஸ் கருவி இருக்கும் சிறிய அறையை 'ரேடியோ ஷாக்' என்பார்கள். அதையே பெயராக வைத்தார்கள். ஹாம் ரேடியோ ஆர்வலர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, ஒன்பது கடைகளோடு கடனில் தத்தளித்த நிலையில், 1963-இல் சார்லஸ் டாண்டி என்பவர் இதை வாங்கினார்.

டாண்டியின் குடும்பத் தொழில் தோல் வியாபாரம். வீட்டிலேயே பர்ஸ், பெல்ட் செய்து பார்க்கும் ஆட்களுக்குத் தோலும் கருவிகளும் விற்றுவந்தார். எலக்ட்ரானிக்ஸ் அவருக்குப் புதிது. ஆனால் பொழுதுபோக்காளரின் மனது பழக்கமானது. அப்படிப்பட்டவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. பாதி வேலையில் ஒரு ரெசிஸ்டர் குறைகிறது என்று மறுபடி வருவார். அவருக்காக ஊர் ஊராகச் சின்னக் கடைகளைத் திறந்தார் டாண்டி. 'பேட்டரி கிளப்' என்று ஒரு அட்டை கொடுத்து, மாதம் ஒரு பேட்டரி இலவசம் என்றார்கள். பேட்டரிக்காகக் கடைக்குள் வந்தவர் வெறும் கையோடு திரும்புவாரா?

1977-இல் டிஆர்எஸ்-80 என்ற கம்ப்யூட்டரை விற்க முடிவெடுத்தபோது நிர்வாகத்துக்கே நம்பிக்கை இல்லை. கடைக்கு ஒன்று என்ற கணக்கில் சுமார் 3,500 செய்தால் போதும், விற்காவிட்டால் கடைக் கணக்கு எழுதவாவது ஆகும் என்று நினைத்தார்கள். மானிட்டரோடு விலை 599.95 டாலர். முதல் ஒன்றிரண்டு மாதங்களிலேயே 10,000-க்கு மேல் விற்றது! வீட்டுக் கம்ப்யூட்டரைச் சாதாரணக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த ஆண்டே டாண்டி காலமானார்.

என்னைக் கேட்டால், இவர்கள் விற்ற மிக நல்ல சரக்கு ஒரு புத்தகம். 1983-இல் ஃபாரஸ்ட் மிம்ஸ் எழுதிய எலக்ட்ரானிக்ஸ் பாடம் அது. எழுத்தும் படமும் எல்லாம் கையால் போட்டவை. பள்ளிக்கூட நோட்டுப் போல இருக்கும். இன்று பொறியாளர்களாக இருக்கும் பல அமெரிக்கர்களின் முதல் வாத்தியார் அந்தப் புத்தகம்தான்.

பிறகு செல்போன் வந்தது. ஒரு இணைப்பு விற்றால் கிடைக்கும் கமிஷன் ஒரு பெட்டி ரெசிஸ்டரில் கிடைக்குமா? உதிரிபாகங்கள் கடையின் பின்மூலை டிராயர்களுக்குப் போயின. போனில் லாபம் வந்தது உண்மைதான். அதனால் நிர்வாகத்தை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அதே போன் எதிர்க்கடையிலும் கிடைத்தது. அந்த ரெசிஸ்டர்தான் எதிர்க்கடையில் கிடையாது. அதைத் தேடி வந்தவர்கள் இணையத்தில் வாங்கப் பழகிவிட்டார்கள்.

2015 பிப்ரவரியில் திவால் மனு. 2017-இல் இரண்டாம் முறை. பெயர் கைமாறிக் கைமாறி, 2023-இல் எல் சால்வடாரைச் சேர்ந்த யூனிகோமர் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கச் சிற்றூர்கள் சிலவற்றில் தனி உரிமையாளர்கள் நடத்தும் கடைகள் மட்டும் அதே பலகையோடு பிழைத்துக் கிடந்தன.