பிள்ளைக்கான ஜீவனாம்சம்: ஒரு வரலாற்றுப் பார்வை

விவாகரத்தான பெண் வேறொருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினால், முன்னாள் கணவர் பிள்ளைக்குக் கொடுத்துவரும் பணத்தை நிறுத்திவிடலாமா? "நிறுத்தலாம்" என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஏன் என்று அறியப் பழைய வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

மயிலாடி இருக்கும் நாஞ்சில் நாட்டில், மருமக்கள்வழி வேளாளர் குடும்பங்களில் ஒருவரின் சொத்து சகோதரியின் மகன்களுக்கே போகும். பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்ற பங்கு மட்டும் உண்டு. அது கால் பங்குக்கு மேல் போகாது. பக்கத்துத் தேரூரில் பிறந்த கவிமணி இந்த முறையைக் கேலி செய்து 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே நிலைமை மாறியது.

அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருந்தது. வசதியிருந்தும் மனைவி, பிள்ளையைக் கவனிக்காதவரை மாதாமாதம் பணம் கட்டச் சொல்ல அதன் 488-ஆம் பிரிவு வழி செய்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதுவே 125-ஆம் பிரிவானது. 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 2001-இல் நீங்கியது. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு.

இதில் மனைவியின் உரிமை வேறு, பிள்ளையின் உரிமை வேறு. விவாகரத்தான பெண் மறுமணம் செய்தால் அவருக்கான தொகை ரத்தாகும். விவாகரத்துக்குப் பின் வேறொருவரோடு தொடர்ந்து உறவில் வாழும் பெண்ணும் ஜீவனாம்சம் கேட்க முடியாது என்று 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. குமரி மாவட்ட வழக்குகள் போவதும் அங்கேதான். ஆனால் இந்தத் தடைகள் எல்லாம் மனைவிக்கு மட்டுமே. பிள்ளையின் பங்கை அவை தொடுவதில்லை. தாயோடு புதிதாக வாழ வந்தவர் அந்தப் பிள்ளைக்குத் தந்தையும் ஆகிவிடுவதில்லை.

அப்படியானால் பிள்ளைக்கான தொகையை மாற்றவே முடியாதா? முடியும். சூழ்நிலை மாறினால் 146-ஆம் பிரிவின் கீழ் மனு செய்யலாம். தந்தையின் வருமானம் விழுந்தால் குறைக்கக் கேட்கலாம். பிள்ளையின் படிப்புச் செலவு ஏறினால் கூட்டக் கேட்கலாம். நீதிமன்றம் சொல்லாமல் தானாக நிறுத்தினால் பாக்கி சேரும், சிறைக்கும் போக நேரிடலாம்.

அன்று குடும்ப வழிமுறையைக் காட்டிப் பெற்ற பிள்ளையைத் தள்ளி வைத்தார்கள். இன்று தாயின் வாழ்க்கையைக் காட்டித் தள்ளப் பார்க்கிறார்கள். இரண்டிலும் பிள்ளை செய்த தவறு ஒன்றுமில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.