காவல் குற்றமான வரலாறு

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் ஊர்க்காவல் நெடுங்காலம் முறையான தொழிலாகவே நடந்துவந்தது. பிரமலைக் கள்ளர்கள் அறுவடைக் களத்தில் தானியப் பங்கு பெற்றுக்கொண்டு ஊராரின் பயிரையும் கால்நடைகளையும் காத்தனர். களவுபோன பொருளை மீட்டுத் தருவதும், இயலாவிடில் ஈடுகட்டுவதும் காவல்காரரின் கடமை. காணாமற்போன மாட்டைத் துப்பறிந்து மீட்பதற்கு உடைமையாளர் கொடுத்த தொகை துப்புக்கூலி எனப்பட்டது. காவல் கொடுக்க மறுத்த ஊர்களில் மாடுகள் களவுபோனதும் உண்டு. 1896இல் திண்டுக்கல் பகுதி உழவர்கள் பொதுநிதி திரட்டிக் கள்ளர் காவலை எதிர்த்த 'பண்டுக் கலகம்' அந்தக் கசப்பிலிருந்து எழுந்ததே. ஆயினும் காவல் அரசுக்கு மட்டுமே உரியது எனக் கருதிய ஆங்கில ஆட்சி, இவ்வழக்கத்தின் கடமைப் பக்கத்தைக் காணாமல், அதனை மிரட்டிப் பணம் பறிக்கும் செயலாக மட்டுமே பதிவுசெய்தது.

அந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது. நெசவும் தச்சும் குலத்தொழிலாகத் தொடரும் நாட்டில் களவும் குலத்தொழிலாகத்தான் இருக்க வேண்டும் என்னும் வாதமே 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு அடிப்படையாயிற்று. இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டின் அமைப்பில் தேடிய நூலை 1876இல்தான் வெளியிட்டார். இந்தியாவிலோ அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே சாதிப்பெயர் குற்றத்தின் அடையாளமாகிவிட்டது. ஆட்சியாளர் தமக்குப் புரிந்த அளவில் சாதியை விளக்கிக்கொண்டு, அவ்விளக்கத்தையே குற்றவியல் ஆக்கினர் என்பதே பொருந்தும்.

வட இந்தியாவில் தொடங்கிய சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அதன்கீழ்க் குற்றப் பரம்பரையினராக அறிவிக்கப்பட்டனர். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். எக்குற்றமும் செய்யாதவரும் பத்து விரல்களையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டியிருந்தது. இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராக வேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் செல்ல ராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர். இந்த மறுப்பைக் கலகம் என்று எழுதிவைத்த அரசு ஆவணங்களின் சொல்லை இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்பது பெரும் அநீதி.

பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி விற்ற குறவர்களின் கதையும் வேறன்று. உப்பு வரியும் ரயிலும் அவர்களது வணிகத்தைக் குலைத்த பிறகு, அவர்களது அலைந்து திரியும் வாழ்க்கையே ஐயத்துக்குரியதாயிற்று. ஒரு பண்பாட்டின் சட்டம் மற்றொரு பண்பாட்டின் நிலத்தில் திணிக்கப்படும்போது, பழைய நெறிப்படி வாழ்வதே குற்றமாகிவிடும் என்று குற்றவியல் அறிஞர் தோர்ஸ்டன் செலின் 1938இல் விளக்கினார். மதுரைச் சீமை அதனைத் தன் உடலில் முன்பே அனுபவித்திருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் வழக்கமாகக் குற்றமிழைப்போர் குறித்த புதிய மாநிலச் சட்டங்கள் அதே கண்காணிப்பை வேறு பெயரில் தொடர்ந்தன. முன்பு குற்றப் பரம்பரையினராக அறிவிக்கப்பட்டு, பின்னர் சீர்மரபினர் என்று வகைப்படுத்தப்பட்டோரின் பிறப்பைக் குற்றப் பழக்கத்தோடு இணைத்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது 2024 அக்டோபரில்தான்.