புள்ளிக்குள் ஒரு பெயர்

1979ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் இயங்கிவந்த அட்டாரி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினர் ஒற்றைப் பக்கக் குறிப்பொன்றைச் சுற்றுக்கு விட்டனர். முந்தைய ஆண்டில் எந்த விளையாட்டு எத்தனை விழுக்காடு விற்றது என்னும் பட்டியல் அது. நன்றாக விற்றவை போலவே இன்னும் செய்யுங்கள் என்பது அதன் உட்கிடை. ஆனால் அதைப் படித்த நான்கு நிரலாளர்கள் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய அந்நால்வர் எழுதிய விளையாட்டுகள் மட்டுமே, ஏறத்தாழப் பத்துக் கோடி டாலர் விற்பனையில் ஆறு கோடியை ஈட்டியிருந்தன. அவர்களின் ஆண்டு ஊதியமோ ஆளுக்கு இருபதாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடையில் நின்றது. பெட்டியின் மேல் அவர்கள் பெயரும் இல்லை.

நால்வரும் தலைமை அதிகாரி ரே காசரிடம் சென்றனர். காசர் நெசவுத் தொழிலிலிருந்து வந்தவர். எழுத்தாளருக்கும் இசைக்கலைஞருக்கும் தருவதுபோல விற்பனையில் ஒரு சிறு பங்கும், ஆக்கியோர் என்ற குறிப்பும் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டனர். விளையாட்டைப் பொறுத்தவரை நீங்களும் ஒன்றுதான், தொழிற்கூடத்தில் அதைப் பூட்டுபவரும் ஒன்றுதான் என்பது காசரின் விடையாக இருந்ததென்று கிரேன் பின்னாளில் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். (பூட்டியவருக்காகக் காசர் பரிந்து பேசினார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தத் தொழிலாளிக்கும் பங்கு எதுவும் கிடைக்கவில்லை.)

இந்த விடை எவ்வளவு அநியாயமானது என்பதை உணர, அக்கால வேலைமுறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1977இல் வெளியான அட்டாரி கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட். நாம் இப்போது எழுதும் இந்த ஒரு வாக்கியத்தை ஒருங்குறியில் சேமிக்கக்கூட அந்த இடம் போதாது. நம்மூரில் 'கேசட்' என்று வழங்கிய பொதியுறையின் கொள்ளளவு பெரும்பாலும் நான்கு கிலோபைட். முழுப்படத்தையும் நினைவகத்தில் வரைந்து வைத்துக் காட்டும் வசதி கிடையாது. தொலைக்காட்சியின் கற்றை ஒவ்வொரு வரியாகக் கீழிறங்கும் அந்தக் கணத்திலேயே, அடுத்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்று நிரல் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். கதை, ஓவியம், ஒலி, நிரல் அனைத்தும் ஒரே ஆளின் கைவேலை. வெண்பாவின் தளையைப் போல ஒவ்வோர் அசையையும் எண்ணிச் செய்த வேலை என்றால் மிகையாகாது. 'ஆசிரியன்' என்ற சொல் வீடியோ விளையாட்டுக்கு முழுமையாகப் பொருந்திய காலம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்தக் காலத்தில்தான் ஆசிரியன் பெயர் மறைக்கப்பட்டது.

அதே அலுவலகத்தில் வாரன் ராபினெட் என்ற இளைஞரும் இருந்தார். ஸ்டான்ஃபோர்டில் ஒரு பெருங்கணினியில் ஓடிய, எழுத்து வடிவிலான குகை விளையாட்டைக் கண்டு, அதைப் படமாக அந்த நான்கு கிலோபைட்டுக்குள் கொண்டுவர முனைந்தார். இது நடவாது என்று மேலாளர் தடுத்தார். ராபினெட் செய்து முடித்தார். அதுவே 'அட்வென்ச்சர்'. கேட்டும் கிடைக்காத பெயரை அவர் யாரிடமும் சொல்லாமல் தாமே எழுதிக்கொண்டார். கறுப்புக் கோட்டையின் புதிர்வழிகளுக்குள், சுவரடைத்த அறையொன்றில், பின்புலத்தின் சாம்பல் நிறத்திலேயே ஒரே ஒரு புள்ளி. கண்ணுக்குத் தெரியாத அதை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைக்கு அருகிலுள்ள ஓர் இடத்துக்கு வந்தால், ஊடுருவ முடியாத சுவர் வழிவிடும். அப்பால் ஓர் அறை. அதில் நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துகளில், இதை ஆக்கியவர் வாரன் ராபினெட் என்ற செய்தி.

1979இலேயே அவர் வேலையை விட்டு விலகிவிட்டார். பின்னர் யூட்டா மாநிலத்துச் சிறுவன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். நீக்கலாம் என்றால் புதிய வார்ப்புக்குப் பத்தாயிரம் டாலர் அளவில் செலவாகும். ஸ்டீவ் ரைட் என்ற மேலாளர், அது அப்படியே இருக்கட்டும் என்றும், இனிவரும் விளையாட்டுகளிலும் இப்படி ஒளித்து வைக்கலாம் என்றும் கருதினார். தோட்டத்தில் முட்டைகளை ஒளித்துவைத்துக் குழந்தைகளைத் தேடவிடும் பண்டிகை வழக்கத்தையொட்டி 'ஈஸ்டர் முட்டை' என்ற பெயரும் அமைந்தது. நம் கருத்தில் இந்தத் தொழிலின் குணம் வேறெங்கும் இத்தனை துல்லியமாக வெளிப்படவில்லை. ஒருவனின் முறையீடு கைக்கு வந்தது; அதைச் சரக்காக்கி விற்றுவிட்டார்கள். (ராபினெட் முதல்வர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1977இல் அட்டாரியே வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் 1' என்ற நாணய விளையாட்டில் ரான் மில்னர் ஒளித்துவைத்த வாழ்த்து, நாற்பதாண்டு கழித்து 2017இல்தான் வெளிப்பட்டது.)

தமிழ் படித்தவர்களுக்கு இது இருவகை நினைவுகளை எழுப்பும். பெயர் தெரியாமற்போன சங்கப் புலவருக்கு, அவர் பாட்டின் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று பெயரிட்டார்கள் நம் முன்னோர். முத்துசுவாமி தீட்சிதர் தம் கீர்த்தனைகளில் 'குருகுஹ' முத்திரையைப் பதித்தார். அங்கே பெயரைத் தொலைத்தது காலம். இங்கே நிறுவன விதி. முத்திரை அவையறியப் பாடப்பட்டது. ராபினெட்டின் முத்திரை ஒரு புள்ளிக்குள் ஒளிய வேண்டியிருந்தது.

நால்வரிடம் திரும்புவோம். 1979 அக்டோபரில், இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து அவர்கள் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். கருவியைச் செய்யாமல் அதற்கான விளையாட்டை மட்டுமே வெளியிட்ட முதல் நிறுவனம் அது. ஆக்கியவர் பெயரை அவர்கள் வெளிப்படையாகப் போட்டார்கள். விளக்கக் கையேட்டில் அவர் படமும், ஆடுவோருக்கு அவர் தரும் குறிப்புகளும் இருந்தன. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் சமரசம் ஏற்பட்டு, அட்டாரிக்கு ஒரு பங்கு செலுத்தி வெளியாரும் விளையாட்டு வெளியிடும் வழி திறந்தது. அவ்வாண்டு வந்த கிரேனின் 'பிட்ஃபால்' நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. போட்டிக்கு அஞ்சிய அட்டாரியும் தன் நிரலாளர்களுக்குப் பங்கு தர இணங்கியது. திறந்த வழியில் குப்பையும் வந்து குவிந்தது. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அந்தக் கதை பலரும் எழுதியது. 1985இல் அங்கே நுழைந்த நிண்டெண்டோ, பூட்டுச் சில்லும் கடும் உரிம விதியும் கொண்டு வாயிலை மறுபடி அடைத்தது.

ஜப்பானில் நிலைமை இன்னும் மோசம். திறமையாளரைப் போட்டி நிறுவனங்கள் கவர்ந்துவிடுமென்று அஞ்சிப் புனைபெயரே போட்டார்கள். காப்காமின் 'மெகா மேன்' (1987) விளையாட்டின் இறுதியில் வருபவை பட்டப்பெயர்கள். கெய்ஜி இனாஃபுனே அதில் 'இனாஃப்கிங்'. 1990களில் நம்மூரில் தொலைக்காட்சியோடு இணைத்து நாம் ஆடியவை பெரும்பாலும் நிண்டெண்டோ கருவியின் நகல்கள். நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாகச் சொல்லும் அந்தக் கேசட்டுகளில் தலைப்புத் திரையின் நிறுவனப் பெயரே பல வேளைகளில் அழிக்கப்பட்டிருக்கும். யார் செய்தது என்று நாம் கேட்கவும் இல்லை.

இனி ஆக்டிவிஷனின் பிற்காலம். நிறுவிய நால்வரும் 1980களிலேயே விலகிவிட்டார்கள். நிறுவனம் நொடித்து, கைமாறி, 2003இல் 'கால் ஆஃப் டியூட்டி' என்ற போர் விளையாட்டை வெளியிட்டது. 2005 முதல் ஆண்டு தவறாமல் அத்தொடரில் ஒன்று வருகிறது. வணிகர் ஃபிராஞ்சைஸ் என்று சொல்வது இதைத்தான். பல கூடங்கள் முறைவைத்துச் செய்யும் பண்டம் அது. எந்தக் கூடத்தில் யார் போனாலும் வந்தாலும் அடுத்த ஆண்டின் பெட்டி கடைக்கு வந்துவிட வேண்டும். 2010 மார்ச்சில், அத்தொடரைத் தோற்றுவித்த கூடத்தின் தலைவர்களான ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா இருவரையும் ஆக்டிவிஷன் வெளியேற்றியது. ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றது நிறுவனம். உரிய பங்கைத் தராமலிருக்கவே நீக்கினார்கள், 'மாடர்ன் வார்ஃபேர்' மீதான ஆக்க அதிகாரம் தமக்கு எழுத்தில் தரப்பட்டிருந்தது என்றனர் இருவரும். வழக்கு 2012இல் சமரசத்தில் முடிந்தது. பங்கும் பெயரும் கேட்டு வெளியேறியவர்கள் கட்டிய வீட்டில், முப்பதாண்டு கழித்து அதே வழக்கு! 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அந்த வீட்டை 6,870 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது.

கொனாமியின் செயல் இதைவிட அப்பட்டமானது. 1987 முதல் 'மெட்டல் கியர்' தொடரை உருவாக்கிவந்த ஹிடியோ கோஜிமாவின் பெயர், 2015இல் அத்தொடரின் ஐந்தாம் பாகம் வெளிவருமுன் அட்டைப்படத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் விளையாட்டுக்குள்ளே ஒவ்வொரு பணியின்போதும் அவர் பெயர் திரையில் வந்துகொண்டே இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் விருது வாங்க மேடைக்கு வரவும் நிறுவனத்தின் வழக்குரைஞர் அவரைத் தடுத்ததாக விழா நடத்தியவரே மேடையில் அறிவித்தார். அம்மாதமே கோஜிமா தனிக்கூடம் தொடங்கினார். தொடர் கொனாமியிடமே தங்கிவிட்டது. அவரது 2004ஆம் ஆண்டு விளையாட்டின் மறுவாக்கம் 2025 ஆகஸ்டில் அவர் இல்லாமலே வெளிவந்தது.

கோஜிமாவின் பெயருக்குப் பின்னும் நூற்றுக்கணக்கானோர் மறைகிறார்கள் என்று நண்பர்கள் வாதிடலாம். உண்மை. இன்றைய பெருவிளையாட்டை ஒருவர் ஆக்கினார் என்பது ஒரு வசதியான புனைவு. ஆனால் அதனால் பெயர் தேவையற்றதாகிவிடாது. ஆயிரம் பெயர்கள் தேவையாகின்றன. வேலை தேடுபவருக்கு அந்த இறுதிப்பட்டியலே சான்றிதழ். 2021இல் வந்த 'மெட்ராய்ட் டிரெட்' விளையாட்டில், ஆக்கக் காலத்தில் கால்பங்குக்குக் குறைவாகப் பணிபுரிந்தோர் பெயர் பட்டியலில் சேராது என்று அதைச் செய்த ஸ்பானியக் கூடம் விதி வைத்திருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு ஆஸ்திரேலியாவில் உருவான 'எல்.ஏ. நுவார்' வெளியானபோது, இடையில் விலகிய நூற்றுக்கு மேற்பட்டோர் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவர்கள் தாமே ஓர் இணையப் பக்கம் தொடங்கி, விடுபட்ட பெயர்களை வரிசையாக எழுதி வைத்தார்கள்.